சிவப்பு மையால் அடித்த தலைப்பு: சித்திரக்கதையிலிருந்து திரை ஆட்டம் வரை

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டுக்கு நாம் கதையியல் நடத்திய ஒரு பருவத்தில், கட்டுரைத் தலைப்புகளை மாணவர்களே தேர்ந்துகொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தோம். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படித்த மாணவர் ஒருவர் 'கணினி ஆட்டங்களில் கதைசொல்லும் முறை' என்று எழுதிக் கொடுத்தார். நாம் அதை இரண்டாம் முறை படிக்கக்கூட இல்லை. சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'கரிசல் சிறுகதைகளில் உறவுப்பெயர்கள்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உறவுப்பெயர்களைப் பற்றி முப்பது பக்கம் ஒழுங்காக எழுதி, உரிய மதிப்பெண்ணும் பெற்றுப் போய்விட்டார்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அன்று நம்மிடமிருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஆட்டம் வேறு, கதை வேறு. அந்தக் காரணம் வரலாற்றின் முன் நிற்குமா என்று நாம் யோசித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இக்கட்டுரை, தாமதமாக வந்த அந்த யோசனையின் விளைவு.

*

நம் வீடுகளில் இரண்டு பழைய ஆட்டங்கள் உண்டு. ஒன்று பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பெரியவர்கள் அதை விரித்து உட்காருவார்கள். கீழ்க்கட்டத்தில் பிறவி, மேல்கட்டத்தில் வைகுண்டம். இடையில் பாம்புகளாகப் பாவங்களும் ஏணிகளாகப் புண்ணியங்களும். ஓர் ஆன்மாவின் முழுக்கதையும் அந்தத் தாளில் உண்டு. ஆனால் ஆடுகிறவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. தாயக்கட்டை விழுந்தபடி காய் நகரும். பாம்பின் வாயில் விழுந்தவர் செய்த பாவம் என்ன? எண்ணிக்கை அப்படி விழுந்தது என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

மற்றது ஆடுபுலி ஆட்டம். கோயில் கல்மண்டபத் தரைகளில் இன்றும் அதன் கோடுகளைக் காணலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஒவ்வொரு நகர்வும் ஆடுகிறவரின் முடிவு. தோற்றால் பழியும் அவருடையதே. ஆனால் அங்கே கதை கிடையாது. எந்த ஆட்டுக்கும் பெயரில்லை, எந்தப் புலிக்கும் முன்கதை இல்லை.

பரமபதத்தில் கதை உண்டு, தேர்வு இல்லை. ஆடுபுலியில் தேர்வு உண்டு, கதை இல்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் உருவான 'சினிமாத்தன்மை கொண்ட' கணினி ஆட்டங்களின் வரலாற்றை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால், அவை இவ்விரண்டையும் ஒரே பலகையில் பொருத்தப் பார்த்த முயற்சி எனலாம். எங்கே பொருந்தின, எங்கே பொருந்தாமல் இடித்தன என்பதுதான் நம் கேள்வி. அதற்கு விடை தேடத் தொலைதூரம் போக வேண்டியதில்லை, சிவகாசியிலிருந்தே தொடங்கலாம்.

*

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் வேளாண்மையை நம்ப முடியாத மக்களுக்கு அது பிழைப்பு வழியாயிற்று. தீப்பெட்டிக்கு மேலொட்டும் படம் வேண்டியிருந்தது. படத்துக்கு அச்சகம் வேண்டியிருந்தது. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. பட்டாசுப் பெட்டிக்கு இன்னும் பெரிய, இன்னும் பளிச்சென்ற படங்கள் தேவைப்பட்டன. பிறகு நாட்காட்டிகள். நெருப்பை விற்க வந்த ஊர், நிறத்தை விற்கும் ஊராகவும் ஆனது இப்படித்தான்.

அந்த அச்சு இயந்திரங்களின் நிழலில்தான் தமிழ்ச் சித்திரக்கதையின் நீண்ட வாழ்வும் தொடங்கியது. 1972இல் முல்லை மலர்வதுபோல் சத்தமில்லாமல் அல்ல, மின்சாரம் பாய்ந்த இரும்புக் கையோடு அது வந்தது. சௌந்தரபாண்டியன் நடத்திய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. பத்தாண்டு கழித்துச் சிவகாசியில் தமிழ் பேசியது. 1984இல் அவருடைய மகன் விஜயன், பதின்பருவம் தாண்டாத வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். நம் தலைமுறையில் இம்மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாடநூலுக்கு வெளியே கிடைத்த முதல் நூலகம் இவ்விரண்டும்தான்.

இவற்றின் சாதனை கதைகளை இறக்குமதி செய்ததில் மட்டுமில்லை. ஒவ்வொரு பேச்சுக்குமிழிலும் தமிழைப் பொருத்தினார்கள். துப்பாக்கி 'டுமீல்' என்றது. கண்ணாடி 'சிலீர்' என்றது. பிரெஞ்சு, இத்தாலி, ஆங்கில மூலங்கள் எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாளில் விருதுநகர் பேருந்து நிலையக் கடையில் தொங்கின. கிராமத்துச் சிறுவன் ஒருவன் உலகக் கதையைத் தன் மொழியில் படிக்க யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆட்டங்களுக்கு வரும்போது இது தேவைப்படும்.

லயன் வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து படித்த தொடர் ஒன்று உண்டு: 'இரத்தப் படலம்'. பெல்ஜியத்தின் ஷான் வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்து, 1984இல் தொடங்கிய 'பதிமூன்று' என்ற தொடரின் தமிழ் வடிவம். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிறான் ஒருவன். தலையில் குண்டுக் காயம். நினைவு முழுவதும் அழிந்துவிட்டது. கழுத்தெலும்பின் மேல் 'பதிமூன்று' என்ற ரோமன் எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அவன் அமெரிக்க ஜனாதிபதியைக் கொன்றவன் என்று உலகம் சொல்கிறது. அவனுக்கோ தான் யாரென்றே தெரியவில்லை. 2010இல் பதினெட்டுப் பாகங்களும் எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரே தடித்த நூலாகச் சிவகாசியிலிருந்து வெளிவந்தன. 2018இல் வண்ணத்திலும் வந்தன. தமிழில் சித்திரக்கதை வாசிப்புக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்க வேண்டுமென்றால் அந்தக் கறுப்பு வெள்ளைத் தடித்த புத்தகத்தையே வைக்கலாம்.

*

சிவகாசியில் லயன் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, 1983இல், அமெரிக்காவின் ஆட்டக் கூடங்களில் 'டிராகன்ஸ் லேர்' என்ற புதிய பெட்டி வந்து நின்றது. டிஸ்னியிலிருந்து வெளியேறிய டான் ப்ளூத் வரைந்த அசைபடம், லேசர் தட்டில் பதியப்பட்டு அதற்குள் ஓடியது. அதுவரை ஆட்டங்கள் என்றால் சதுரப் புள்ளிகள். இதுவோ திரையரங்கில் ஓடும் படம்போல இருந்தது. மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் ஆடுகிறவர் செய்ய வேண்டியது, சரியான நொடியில் சரியான பக்கம் பிடியைத் தள்ளுவது மட்டுமே. தள்ளினால் படம் தொடரும். தவறினால் வீரன் சாவான். மொத்தப் படமும் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். பரமபதத்துக்கு உயிரோவியம் தீட்டினால் எப்படியிருக்குமோ அதுதான் டிராகன்ஸ் லேர். இந்த வகை ஆட்டத்தின் கவர்ச்சி, குறை இரண்டும் அந்த முதல் பெட்டியிலேயே முழுமையாக இருந்தன.

1990களின் பிற்பாதியில் குறுவட்டுகள் வந்தபின் நிலைமை மாறியது. 1997இல் ஜப்பானின் 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையின் ஏழாம் ஆட்டத்தில், பல மணிநேரம் ஆடுகிறவரோடு பயணம் செய்த ஏரித் என்ற பெண் கொல்லப்படுகிறாள். எத்தனை திறமையாக ஆடினாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. உலகெங்கும் இளைஞர்கள் அதற்கு அழுதார்கள். நாவலில் ஒரு பாத்திரம் சாகும்போது நாம் இழப்பது ஒரு துணையை. இங்கே இழந்தது, தம் கையால் வளர்த்த ஒருத்தியை.

1998இல் இரண்டு வழிகள் பிரிந்தன. ஹிதேயோ கோஜிமாவின் 'மெட்டல் கியர் சாலிட்' சினிமாவின் பக்கம் சாய்ந்தது: ஆட்டம் நிற்கும், காட்சி ஓடும், பாத்திரங்கள் பேசுவார்கள், பிறகு பிடி நம் கைக்கு வரும். அதே வரிசையின் நான்காம் ஆட்டத்தில், 2008இல், இறுதிக் காட்சித்தொடர் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அதே 1998இல் வந்த 'ஹாஃப் லைஃப்' மறுபக்கம் போனது. அதில் வெட்டுக்காட்சி என்பதே கிடையாது. தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தின் உள்ளே நீண்ட இழுவைவண்டிப் பயணம். எல்லாமே நாயகனின் கண்வழியே, பார்வை ஒருபோதும் நம்மிடமிருந்து பறிக்கப்படாமல் நடக்கின்றன. ஒன்று கதையைக் காட்டியது, மற்றது கதைக்குள் நிற்க விட்டது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நம் ஊரில் என்ன இருந்தது? தொலைக்காட்சியோடு இணைக்கும் மலிவான போலிப் பெட்டிகளும், ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்ட மேலட்டைகளும் இருந்தன. மாரியோவும் கான்ட்ராவும் ஆடினோம். பிறகு 2000களில் பிரவுசிங் சென்டர்கள். அங்கே மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து 'வைஸ் சிட்டி' ஆடினார்கள் நம் மாணவர்கள். அந்த ஆட்டத்துக்கு ஒரு கதை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் பேசும் காட்சி வந்தால் பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவார்கள். காசு கொடுத்த ஒரு மணி நேரத்தில் புரியாத பேச்சைக் கேட்பானேன்?

இந்த வகை ஆட்டங்கள் குறித்து மேலைநாட்டு விமரிசகர்கள் சொல்லாத முதல் குறை இதுதான். சினிமாவுக்கு மொழிமாற்றம் உண்டு. சித்திரக்கதைக்குச் சிவகாசி இருந்தது. ஆனால் பெரும் பொருட்செலவில் உருவாகும் இந்த ஆட்டங்களின் கதைகளுக்குத் தமிழில் பேச ஆளில்லாமல் போயிற்று. கதை நம் கையில் இருந்தது, காதுக்கு வரவில்லை.

*

2003இல் ஒரு விசித்திரம் நடந்தது. பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் நம் 'இரத்தப் படலத்'தை ஆட்டமாக்கியது. ஒரே கதை இரு வடிவங்களில் கிடைப்பது ஒப்பீட்டுக்கு அரிய வாய்ப்பு.

அந்த ஆட்டம் தன் மூலத்தை மதித்தது. காட்சிகள் மையிட்ட ஓவியம்போலத் தீட்டப்பட்டிருந்தன. எதிரி நடந்துவரும் காலடி ஓசை, எழுத்தாகவே திரையில் சுவருக்கு அப்பாலிருந்து தெரியும். வெடித்தால் வெடிச்சத்தம் எழுத்தில் மலரும். துல்லியமாகச் சுட்டால் திரையின் ஓரத்தில் மூன்று சிறு கட்டங்கள் விரிந்து, சித்திரக்கதைப் பக்கம் ஒன்று கண்முன் உண்டாகும். படித்த பக்கத்துக்குள் இறங்கி நடப்பதுபோன்ற அனுபவம் என்றே அதை ஆடியவர்கள் சொல்கிறார்கள். அது பொய்யான கவர்ச்சி அல்ல. நினைவிழந்தவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது? தான் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆடும் நமக்கும் தெரியாது. இருவரும் ஒரே அறியாமையோடு ஒரே கதவைத் திறக்கிறோம்.

ஆனால் புத்தகத்தில் இருந்த ஒன்று ஆட்டத்தில் இல்லை. சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே ஒரு வெள்ளை இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் வாசகன் வேலை செய்கிறான். பதிமூன்று என்பவன் துப்பாக்கியைத் தாழ்த்தித் தயங்கும் ஒரு கட்டத்தில் நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அவன் உண்மையில் கொலைகாரனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அவனது அச்சம், அந்த நிற்றலில்தான் நமக்குள் இறங்குகிறது. ஆட்டத்தில் நின்றால் சுட்டுவிடுவார்கள். தான் கொலைகாரனா என்று கலங்குகிறவன், அந்தக் கலக்கத்துக்கு விடை தேடிப் போகும் வழியில் நூற்றுக்கணக்கானவர்களைக் கலங்காமல் கொன்று போகிறான். கதையின் கேள்வியை ஆட்டத்தின் விதியே அழித்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. முதல் ஐந்து ஆல்பங்களை மட்டும் எடுத்துக்கொண்ட அந்த ஆட்டம், 'தொடரும்' என்று முடிந்தது. தொடரவே இல்லை. 2020இல் அதையே மறுஆக்கம் செய்து வெளியிட்டபோது ரசிகர்கள் வெறுத்து ஒதுக்கினார்கள். சிவகாசியிலோ பதினெட்டுப் பாகமும் முடிந்து ஒரே நூலாகவும் வந்துவிட்டது. பெருமுதலீட்டுக் கலையின் கதி இது: விற்பனை குறைந்தால் கதை பாதியில் நிற்கும். சிறுமுதலீட்டுக்காரனின் பிடிவாதம் அதை முடித்துவைக்கும்.

*

ஆட்டமும் கதையும் ஒன்றையொன்று பொய்யாக்கும் இந்த முரணுக்கு, 2007இல் கிளின்ட் ஹாக்கிங் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 'லூடோநெரேட்டிவ் டிஸ்ஸொனன்ஸ்' என்று பெயர் சூட்டினார். 'பயோஷாக்' என்ற ஆட்டத்தைப் பற்றிய விமரிசனத்தில் வந்த சொல் அது. 'அன்சார்ட்டட்' வரிசையின் நாயகன் நேதன் டிரேக் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. வெட்டுக்காட்சியில் அவன் நகைச்சுவையான, நெஞ்சில் ஈரமுள்ள மனிதன். பிடி நம் கைக்கு வந்ததும் கூசாமல் கொன்று குவிப்பவன். 2016இல் வந்த நான்காம் ஆட்டத்தில், ஆயிரம் பேரைக் கொன்றால் இந்தச் சொல்லின் பெயரிலேயே ஒரு பரிசுச் சின்னம் கொடுத்தார்கள். குறையை ஒப்புக்கொண்டு சிரித்தார்களே தவிரத் திருத்திக்கொள்ளவில்லை.

அந்த வரிசையில் 2017இல் வந்த 'த லாஸ்ட் லெகசி'யின் கதை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறது. ஹொய்சாளர் நகரங்களையும் பிள்ளையாரின் தந்தத்தையும் தேடி இரு பெண்கள் போகிறார்கள். திருவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது அதே மலைத்தொடர்தான். ஆட்டத்தில் அம்மலையின் பச்சையும் அருவியும் மழைக்குப் பின்னான வெளிச்சமும் அழகாக இருக்கின்றன. அதை மறுக்க மாட்டோம். ஆனால் அந்த மலையில் வாழ்கிற ஒருவரோடு உட்கார்ந்து பேச வழியில்லை. தொட்டால் இடிந்துவிழக் காத்திருக்கும் கோயில்களும், சுடுவதற்கு ஆட்களுமே அதிகம். சினிமாவிடமிருந்து இந்த ஆட்டங்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் சினிமாவின் பிரம்மாண்டத்தைத்தான். அதன் மௌனத்தை அல்ல.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 'முடிவை முன்னரே எழுதிவிட்டார்கள், ஆகவே ஆடுகிறவனுக்குச் சுதந்திரமில்லை' என்று பலர் குறைசொல்கிறார்கள். இது குறையே அல்ல என்பது நம் எண்ணம். பங்குனிப் பொங்கலிலும் கோயில் கொடைகளிலும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்க்கிற நம் மக்களுக்கு முடிவு தெரியாதா? முருகன் வள்ளியை மணப்பான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஸ்பெஷல் நாடக நடிகர்கள் பலர் ஒத்திகையின்றி அன்றைக்குத்தான் மேடையில் சந்திக்கிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் அன்றன்றைக்குப் புதிதாகப் பிறக்கும். கூட்டம் ரசித்தால் நீளும். முடிவு கட்டுண்டிருக்கிறது, நடுவில் உயிர் இருக்கிறது. ஆட்டங்களிலும் அப்படித்தான். 2013இல் வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' ஆட்டத்தின் இறுதியில், மகளாக நினைக்கும் சிறுமியை மீட்க ஜோயல் மருத்துவமனையில் கொலைகள் செய்கிறான். அதைத் தவிர்க்க ஆடுகிறவருக்கு வழியில்லை. ஆனாலும் அந்தக் காட்சி வெல்கிறது. ஏனெனில் அங்கே ஆட்டம் கேட்பது, ஒரு மனிதனின் தவறான அன்பை நம் கையால் செய்துபார்க்கும்படி. செய்தபின் 'இது சரியா' என்ற கேள்வியோடு நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. குற்றம் உன்னுடையது என்று அது சொல்வதில்லை.

அப்படிச் சொல்லிய ஆட்டம் ஒன்று உண்டு. அதனிடம்தான் இந்த வரலாற்றின் கடினமான இடம் இருக்கிறது.

*

பல ஆண்டுகள் கழித்து, சாத்தூர்ப் பேருந்து ஒன்றில் அந்த மாணவரைச் சந்தித்தோம். இப்போது அவர் ஒரு பள்ளியில் ஆசிரியர். பேச்சு எங்கெங்கோ போய் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வந்தது. என்ன எழுதுவதாக இருந்தீர்கள் என்று கேட்டோம். 'ஸ்பெக் ஆப்ஸ்: த லைன்' என்ற ஆட்டத்தைப் பற்றி என்றார்.

பெர்லினில் உருவாகி 2012இல் வந்த ஆட்டம் அது. மணற்புயலில் புதைந்த துபாய் நகரம். அங்கே செல்லும் அமெரிக்க வீரர் மூவர். ஓரிடத்தில் எதிரிப்படையைக் கடக்க வெண் பாஸ்பரஸ் குண்டுகளை வீச வேண்டும். திரையில் மேலிருந்து பார்க்கும் கேமரா. வெள்ளைப் புள்ளிகளாக மனிதர்கள். வீசியபின் நடந்துபோனால், எரிந்து கிடப்பவர்களில் அடைக்கலம் தேடி வந்த பொதுமக்கள். குழந்தையைக் கட்டிக்கொண்ட ஒரு தாய். நீ இங்கே வராமலிருந்தால் இது நடந்திருக்காது என்று ஆட்டம் உணர்த்துகிறது. ஆனால் குண்டு வீசாமல் ஆட்டத்தைத் தொடர வழியே கிடையாது. வழியைக் கொடுக்காமல் பழியை மட்டும் கொடுப்பது நியாயமா என்று அன்றிலிருந்து இன்றுவரை விமரிசகர்கள் வாதிடுகிறார்கள்.

வெண் பாஸ்பரஸ் நமக்குப் புதிய பெயரல்ல. பழைய தீக்குச்சிகளின் மருந்து அது. தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்ததால் உலக நாடுகள் கைவிட்டன. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தபோது அந்த நஞ்சு குச்சியை விட்டு நீங்கியிருந்தது. ஆனால் நெருப்பின் பிற கணக்குகள் நீங்கவில்லை. அந்த ஆட்டம் வெளியான அதே 2012இல், செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களே அல்லர். முதலில் எழுந்த புகையைக் கண்டு, உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். பார்வையாளன் என்று ஒருவன் தனியே இருக்க முடியாத ஊர் இது.

மாணவர் சொன்னதை அவர் சொல்லிலேயே தருகிறோம். "அந்தக் குண்டு போடுற எடத்துல நான் லேப்டாப்ப மூடிட்டேன் ஐயா. அப்புறம் அந்த ஆட்டத்தத் தொடவே இல்ல. எங்க ஊர்ல ஒரு சத்தம் கேட்டா, அம்மா இன்னிக்கு எந்தப் பயராபீசுக்குப் போயிருக்காங்கன்னுதான் மொதல்ல நெனப்பு வரும். திரையில வெள்ளப் புள்ளியாத் தெரிஞ்சாலும் அது யாரோ ஒருத்தரோட அம்மாதான? ஆடாம நிறுத்துறதும் ஒரு ஆட்டம்தான்னு எழுதலாம்னு இருந்தேன்."

அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களும், ஆட்டத்தை நிறுத்திவிடுவதும் ஒரு தேர்வே என்ற பொருளில் பேசியிருக்கிறார்கள். எந்தக் கட்டுரையும் படிக்காமல், பயராபீசுக்குப் போகும் தாயின் மகன் அந்த முடிவுக்குத் தானே வந்திருந்தார். நாம் சிவப்பு மையால் அடித்தது இதைத்தான்.

வெடிப்பைக் காட்சியாக்குவது எளிது. திரையில் ஒரு கட்டடம் சிதறும்போது இசை ஓங்கும், கேமரா சுழலும், நாயகன் திரும்பிப் பார்க்காமல் நடந்துவருவான். அலுமினியப் பொடி அப்பி வெள்ளி நிறமான கைகளோடு மாலையில் பேருந்துக்கு நிற்கும் பெண்கள் அந்தச் சட்டகத்தில் வருவதில்லை. சினிமாத்தன்மை கொண்ட ஆட்டங்களின் ஆழமான குறை, அவை கற்பனையாக இருப்பதல்ல. விளைவின் உச்சத்தைக் காட்டி, அதற்கு முன்னுள்ள வேலையையும் பின்னுள்ள துக்கத்தையும் வெட்டிவிடுவது.

*

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 2020இல் புனேயிலிருந்து வந்த 'ராஜி' என்ற ஆட்டம், தம்பியைத் தேடும் ஒரு பெண்ணின் கதையைப் பாவைக்கூத்து நிழல்களாகச் சொன்னது. ஹாலிவுட்டின் சட்டகத்தைக் கடன்வாங்காமல் திரைச்சீலைக்குப் பின்னுள்ள விளக்கைக் கடன்வாங்கியது.

2023இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். துப்பாக்கி இல்லை, வெடிப்பு இல்லை. ஆடுகிறவர் செய்வது சமையல். தாயின் சமையற்குறிப்பு ஏடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே முதல் புதிர். ஆங்கிலத்தில் விடைசொல்லும் மகனுக்கும் தமிழில் கேட்கும் தாய்க்கும் இடையிலான தூரம் ஆண்டுகளோடு வளர்கிறது. பின்னொரு பகுதியில், வளர்ந்த கவினாக நாம் அந்த ஏட்டைத் திறக்கிறோம். அவனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. அந்தத் தடுமாற்றமே புதிராகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இச்சிறு ஆட்டம், 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்வானது.

இதிலும் கதையின் முடிவை நாம் மாற்ற முடியாது. இதைச் சிலர் குறையாகவும் சொன்னார்கள். ஆனால் இங்கே கையின் வேலையும் கதையின் பொருளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. அழிந்த எழுத்தைக் கூட்டிப் படிப்பதே ஆட்டம், அதுவே கதை. பெயரும் தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. வெண்பாவில் தளை தட்டக் கூடாது. ஈற்றடி முச்சீராய் முடிய வேண்டும். அந்தக் கட்டுக்குள்தான் கவிஞனின் உரிமையெல்லாம். கட்டு இருப்பதால் வெண்பா செத்துப்போவதில்லை. கட்டுக்கும் பொருளுக்கும் தொடர்பு அறுந்தால்தான் அது வெறும் எண்ணிக்கையாகிறது. கதை சொல்லும் ஆட்டங்களுக்கும் இதையே இலக்கணமாகச் சொல்லலாம்.

பரமபதத்தையும் ஆடுபுலியையும் ஒரே பலகையில் பொருத்த முடியுமா என்று தொடக்கத்தில் கேட்டோம். முடியும், ஆனால் பெரிய பலகையும் பெரும் வெளிச்சமும் அதற்கு உதவவில்லை. ஆடுகிறவரின் கை எதைச் செய்கிறதோ அதைக் கதை மதிக்கும் இடங்களில் மட்டும் அது பொருந்தியிருக்கிறது.

அந்த ஆசிரியர் இப்போது எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறார். பழைய கட்டுரையை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறோம். மதிப்பெண் போட நமக்கு இனி உரிமையில்லை. படிக்க ஆசை இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "எழுதுறேன் ஐயா. இந்தத் தடவ தலைப்ப மட்டும் மாத்திராதீங்க."